நல்ல தண்ணி ஆருக்கு? தீவகத்துக் கிணறும் சுவரில் தொங்கும் இயந்திரமும்

போன வருசம் வேலணையில் அம்மம்மா வீட்டு விறாந்தையில் நடந்த ஒரு சின்ன விசயத்தில இருந்து தொடங்குவம். கழுத்துப் பட்டி கட்டிய ஒரு கொம்பனி அண்ணா வந்தார். தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் விற்க வந்தவர். கிணற்றில் ஒரு கிளாஸ் தண்ணி அள்ளித் தரச் சொன்னார். தன்னுடைய போத்தலில் இருந்த தண்ணியை இன்னொரு கிளாசில் ஊற்றினார். இரண்டுக்குள்ளும் உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை வைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டார்.

ஒரு நிமிசம் ஆகவில்லை. எங்கட கிணற்றுத் தண்ணி மஞ்சளாகி, மண்ணிறமாகி, கடைசியில் சேறாகவே ஆகிவிட்டது. அவருடைய தண்ணி கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது.

"பாத்தீங்களே அம்மா, இதைத்தான் நீங்கள் இவ்வளவு காலமும் குடிச்சனீங்கள்."

அம்மம்மா கிளாசைப் பார்த்தா. பிறகு அவரைப் பார்த்தா. "உந்தத் தண்ணி நாங்கள் குடிக்கிறேல்லத் தம்பி. அது உவர். குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும்தான். குடிக்கிற தண்ணி வேற."

அந்த அண்ணாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பு. ஆனால் அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், அம்மம்மா சொன்ன அந்த ஒரு வரிக்குள் தீவகத்தின் முந்நூறு நானூறு வருசக் கதை கிடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

அந்தச் சேறு எங்கேயிருந்து வந்தது?

முதலில் அந்த வித்தையை முடித்துவிடுவோம். எங்களில் ஒருவர் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறவர். ஒன்பது வோல்ற் பற்றரி ஒன்று, இரும்பு ஆணி நாலு. ஒரு கிளாசில் மழைத்தண்ணி, இன்னொரு கிளாசில் அதே மழைத்தண்ணியும் ஒரு சிட்டிகை கறி உப்பும். இரண்டுக்குள்ளும் ஆணிகளை விட்டு, மாறி மாறிப் பற்றரியை இணைத்துக் கொஞ்ச நேரம் வைத்தோம். உப்புப் போட்ட தண்ணி மட்டும் மண்ணிறமானது.

காரணம் சின்னது. உப்புக் கரைந்த தண்ணியில் மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. அந்தச் சேறு தண்ணிக்குள் இருந்த அழுக்கு இல்லை, கம்பியில் இருந்து வந்த இரும்பு. உப்பு இல்லாத தண்ணியில் மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் நிறமும் மாறாது. கிருமி இருக்கா இல்லையா, நைத்திரேற்று இருக்கா இல்லையா என்பதைப் பற்றி அந்தக் கருவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தியாவிலும் சீனாவிலும் வீடு வீடாகக் காட்டப்பட்ட பழைய வித்தைதான் இது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கட கிணற்றில் உப்பு இருக்கிறது என்பது உண்மை. தீவகத்தில் அது ஆருக்கும் புதினமும் இல்லை.

ஒரே ஊர், இரண்டு தண்ணி

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. இந்த ஊர்களில் ஓர் ஆறு கிடையாது. நெடுந்தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர், அங்கேயும் ஆறு இல்லை. ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் பெய்கிற மழைதான் வருசம் முழுக்கக் குடிக்கிற தண்ணி. அந்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல் ஒரு மெல்லிய வில்லை மாதிரி மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீர் பாரம் கூடியது. எண்ணெய் தண்ணிக்கு மேல் நிற்கிற மாதிரித்தான், ஆனால் எண்ணெய் போலப் பிரிந்து நிற்காது. கொஞ்சம் குழப்பினால் கலந்துவிடும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரைக்கும் நன்னீர் இருக்கும். திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். 1880களின் கடைசியில் இதை எழுதியவர் படோன் கைபன் என்கிற ஒல்லாந்துக்காரர், அம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் கிணறு தோண்டுவது பற்றி ஆராய்ந்தபோது. 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்கிற ஜேர்மன்காரர் தனியாக அதையே கண்டுபிடித்தார். கைபனுடைய நாட்டுக்காரர்கள் இருநூறு வருசத்துக்கு முதலே எங்கட காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும், வேலணைத் தீவுக்கு லைடன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கணக்குத் தெரியாவிட்டாலும் எங்கட ஆக்களுக்கு விசயம் தெரியும். மணல் மேடு இருக்கிற இடத்தில் தண்ணி நல்லது, கல்லுப் பக்கம் உவர். வேலணையில் சாட்டி, மண்கும்பான் பக்கத்து மணலும், நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளும் பெயர் எடுத்தது அப்படித்தான். துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்தில், ஒரு மனிசர் களைத்துப்போகும் அளவுக்கு மேல் கிணறு இறைபடாது. உடம்புக் களைப்பே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. தண்ணி மோட்டர் வந்தபோது அந்தக் கட்டுப்பாடு போனது. மோட்டர் களைக்காது.

கோட்டைக்குள்ளும் தண்ணிக் கதைதான்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையைப் படகில் போகும்போது பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டார்கள். சுற்றி நாலு பக்கமும் தண்ணி, ஆனால் உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்ததில் குடிதண்ணீர் இல்லாமல் போனதுக்குப் பெரிய பங்கு. பீரங்கிக்குத் தாக்குப் பிடித்த சுவர் தாகத்துக்குத் தாக்குப் பிடிக்கவில்லை. தீவகத்தில் நல்ல தண்ணியைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் அதிகாரம் இருக்கும் என்பதை வந்தவர்கள் சீக்கிரமே படித்துக்கொண்டார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு அது முதலே தெரியும். இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டியிருக்கிறது.

"அந்தக் காலத்தில நல்ல தண்ணிக் கிணறு ஊருக்குப் பொது" என்று பெரியவர்கள் சொல்லும்போது கேட்க இனிமையாக இருக்கும். எந்த ஊருக்கு, எந்த ஊராருக்கு என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். யாழ்ப்பாணச் சமூகத்தில் கிணறு சாதிக் கோட்டுக்குள்தான் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் வெறும் குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே காத்துநிற்பார்கள். உரிமையுள்ள ஆராவது வந்து அள்ளி, தூரத்தில் நின்று ஊற்றும் வரைக்கும் நிற்க வேண்டும். தாங்களாக அள்ளினால் அடி, கிணறு 'தீட்டு' என்று இறைப்பு, சில இடங்களில் கிணற்றுக்குள் அழுக்கைக் கொட்டியதும் நடந்தது. கே. டானியல் தன்னுடைய நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயர் சும்மா வைத்த பெயர் இல்லை.

ஆகவே எங்கட கதை "முந்தி எல்லாம் நல்லா இருந்தது, மெசின் வந்து கெடுத்துப்போட்டுது" என்கிற கதை இல்லை. நல்ல தண்ணிக்கு முன்னால் எப்பவும் ஒரு படலை இருந்தது. அந்தப் படலையில் ஆர் நிற்கிறார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

ஆள் இல்லாத கிணறுகள்

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்துக்குள் படையினர் வந்தபோது சனம் பெருவாரியாக வெளியேறியது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வீடுகள் பல வருசம் கூரையில்லாமல் நின்றன. கிணறு என்பது ஆள் இருந்தால்தான் கிணறு. வருசா வருசம் இறைத்துத் தூர்வார வேண்டும், கட்டுப் பார்க்க வேண்டும், குளத்துக்கு வெள்ளம் வருகிற வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் செய்கிற கை இல்லாமல் போனது. திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது பாசி பிடித்த தண்ணியும் இடிந்த கட்டும். புங்குடுதீவின் பாதி வெளிநாட்டில் இருக்கிறது என்று பகிடியாகச் சொல்வார்கள். குளத்தைப் பராமரிக்கிற ஊர்ப் பழக்கமும் அவர்களோடு கப்பல் ஏறிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் பவுசர் வந்தது. பிரதேச சபையின் பவுசர், தொண்டு நிறுவனங்களின் பவுசர், தெருவோரத்துக் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி, அதற்குக் கீழே வரிசையாக வெறும் கலன்கள். அதற்குப் பிறகு காசுக்கு விற்கிற 20 லீற்றர்ப் போத்தல். கடைசியாகச் சுவரில் தொங்கும் இயந்திரம்.

இயந்திரத்தின் ஊர்வலம்

வீட்டுத் தண்ணி வடிகட்டி புதுச் சாமான் இல்லை. இங்கிலாந்தில் டோல்ற்றன் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பீங்கான் வடிகட்டி செய்து விற்றார்கள். தேம்ஸ் ஆறு நாறிக்கொண்டிருந்த காலம் அது, அந்தப் பயத்தில்தான் வியாபாரம் நடந்தது. எங்கட பக்கம் நெடுங்காலம் அந்தப் பீங்கான் வடிகட்டி பெரிய உத்தியோகத்தர் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் காணக் கிடைத்த பொருள். மற்றவர்களுக்கு வெள்ளைத் துணியும் கொதித்த கேத்திலும்.

சாதாரண வீடுகளைச் சந்தையாகக் கண்டது பிறகுதான். 2004இல் இந்துஸ்தான் லீவர் தன் 'பியூரிட்'டை முதலில் சென்னையில் இறக்கியது. குழாயும் மின்சாரமும் தேவையில்லை, மேலே ஊற்றினால் கீழே வரும். 2009 டிசம்பரில் டாட்டா 'ஸ்வச்' வந்தது, ஆயிரம் இந்திய ரூபாவுக்கும் குறைந்த விலை. வளர்ந்துவருகிற நாடுகளின் ஏழை வீடுகள்தான் இனிப் பெரிய சந்தை என்று கொம்பனிகள் கணக்குப் போட்ட காலம். அரசாங்கக் குழாயில் நம்பிக்கை குறையக் குறைய இந்தச் சந்தை வளர்ந்தது. ஒன்று மற்றதின் நிழல்.

இந்த வகை வடிகட்டிகளும், ஊதாக்கதிர் போடுகிற இயந்திரங்களும் கிருமியைக் கொல்லும். குழந்தைக்கு வயிற்றோட்டம் வராமல் காக்கும். அது சின்ன விசயம் இல்லை. ஆனால் உப்பை எடுக்காது. நைத்திரேற்றையும் எடுக்காது. தோட்டத்துப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை 1980களில் இருந்தே ஆய்வுகள் சொல்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று இன்னும் செறிவாகும்.

உப்பையும் நைத்திரேற்றையும் எடுக்க வேறு ஒரு சாமான் வேண்டும். அதுதான் ஆர்ஓ, தமிழில் எதிர்ச் சவ்வூடு பரவல். ஓட்டை கண்ணுக்கே தெரியாத ஒரு சவ்வுக்குள்ளால் தண்ணியை அமுக்கித் தள்ளினால், தண்ணி அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் நிற்கும். இதற்குச் சரிப்பட்டு வரும் சவ்வைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1960ஐ அண்டிச் செய்தவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் இருந்து போன சீனிவாச சௌரிராஜன். 1965இல் கோலிங்கா என்கிற கலிபோர்னியச் சிறுநகரத்தில் முதல் நிலையம் ஓடியது. அங்கேயும் பிரச்சினை உவர் தண்ணிதான். குடிக்கிற தண்ணியை வெளியில இருந்து காசுக்கு எடுத்த ஊர். எங்கட நெடுந்தீவுக்காரர் கேட்டால் "அட, எங்கட கதை" என்று சொல்வார்கள்.

பயம் வந்த வழி

ஆர்ஓ இலங்கையில் பரவியது இரண்டு பெரிய பயங்களுக்குப் பிறகு. ஒன்று ரஜரட்டையின் சிறுநீரக நோய். காரணம் இன்னதென்று ஒரு முடிவு இல்லாமல் ஆயிரக்கணக்கான கமக்காரக் குடும்பங்களை அது தின்றது. கிணற்றுத் தண்ணியில் சந்தேகம் விழுந்தது. 2015 கடைசியில் இருந்து கடற்படையே ஊர் ஊராக ஆர்ஓ நிலையம் பூட்டியது.

மற்றது எங்களுக்குக் கிட்ட, சுன்னாகத்தில். அனல் மின் நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2014, 2015இல் சனம் தெருவுக்கு வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கொம்பனியை இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. தீர்ப்பு வர நாலு வருசம் எடுத்தது. அதுவரைக்கும் அந்தச் சனம் குடித்தது பவுசர்த் தண்ணியும் போத்தல் தண்ணியும். சுன்னாகம் தீவகத்தில் இல்லை. ஆனால் அந்தச் செய்தி தீவகத்து அம்மாமாருக்கும் கிணற்றைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழக்கியது. கழுத்துப் பட்டி கட்டிய அண்ணாமார் படலையைத் தட்டுவதற்கு இதைவிட வசதியான காலம் இல்லை.

சுவரில் தொங்குவது என்ன செய்கிறது?

வீட்டு ஆர்ஓ உவர் தண்ணியை ஓரளவு நல்ல தண்ணியாக்கும். பொய் இல்லை. ஆனால் சின்ன மோட்டர் தருகிற அமுக்கத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதைத் தள்ள வீட்டு இயந்திரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அமுக்கம் வேண்டும். கோடை முற்றிக் கிணறு கடலாக மாறும் இடங்களில் சுவரில் தொங்குவது சவ்வைக் கெடுத்துக்கொண்டு சும்மா தொங்கும்.

அடுத்தது கழிவுத் தண்ணி. சாதாரண வீட்டு ஆர்ஓ ஒரு லீற்றர் நல்ல தண்ணி தர இரண்டு மூன்று லீற்றரை வெளியே தள்ளுகிறது. வந்ததைவிட உப்புக் கூடின தண்ணி. அது எங்கே போகும்? வளவுக்குள். வளவு வழியாக எங்கே? அதே வில்லைக்கு. இந்தியாவில் 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த கரைபொருள் உள்ள தண்ணிக்கு ஆர்ஓ வேண்டாம் என்று சொன்னதற்கு இந்த விரயமும் ஒரு காரணம்.

ஒரு வீட்டில் ஒன்று என்றால் பரவாயில்லை. ஊர் முழுக்க வைத்தால், ஒரு குடம் குடிக்க மூன்று நாலு குடம் நிலத்தில இருந்து எடுக்கிறோம். ஓர் அடிக்கு நாற்பது அடி என்கிற அந்த ஒல்லாந்துக் கணக்கை இப்ப ஞாபகப்படுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இயந்திரம் வாங்கக் காசு இல்லை என்றால், அவருடைய கிணறும் எங்களோடு சேர்ந்து உவராகும். அவருக்கு மருந்து மட்டும் கிடைக்காது. முந்திப் படலையில் சாதி நின்றது. சாதி இன்னும் முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்ப அதற்குப் பக்கத்தில் காசும் வந்து நிற்கிறது.

2022இல் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டொலர் 200இல் இருந்து 360 ரூபாவுக்கு ஓடியது. இறக்குமதியாகிற சவ்வும் கார்ட்ரிட்ஜும் விலை ஏறின. பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கார்ட்ரிட்ஜ் மாற்ற வழியில்லாத இயந்திரத்துக்குள்ளால் தொடர்ந்து தண்ணி குடித்த வீடுகள் எங்களுக்குத் தெரியும். காலம் கடந்த வடிகட்டி கிருமி வளர்க்கிற பெட்டி.

பொதுவாகச் செய்தால்?

அதே தொழில்நுட்பம் பொதுவாகவும் வந்திருக்கிறது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கடந்த சில வருசங்களில் பொது ஆர்ஓ நிலையங்கள் வந்தன. நயினாதீவுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். சின்னத் தீவு, ஆயிரக்கணக்கில் சனம், எல்லாருக்கும் தாகம். ஆனால் இந்தத் தீவுகள் நாட்டின் மின்கம்பியோடு இணையவில்லை. டீசல் மின்பிறப்பாக்கி ஓடினால்தான் ஆர்ஓவும் ஓடும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்சாரம் தருகிற திட்டம் 2021இல் சீனக் கொம்பனிக்குப் போய், நின்று, 2024இல் இந்திய உதவியோடு திரும்பவும் கையெழுத்தானது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான இழுபறியில் எங்கட ஒரு குடம் தண்ணியும் மாட்டிக்கொண்டிருந்தது.

குடாநாட்டில் தாளையடிக் கடல்நீர் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. முதலில் இரணைமடுவில இருந்து தண்ணி எடுப்பதாகத்தான் திட்டம். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள், அவர்களுடைய பயமும் நியாயமானது. கடலுக்குப் போனால் வடமராட்சி கிழக்கு மீனவருக்குக் கழிவு உப்புநீர் பற்றிப் பயம். பொதுவாகச் செய்தால் சண்டை வரும். ஆனால் அந்தச் சண்டை கூட்டத்தில், தெருவில், நீதிமன்றத்தில் நடக்கும். கேள்வி கேட்க ஓர் ஆள் இருப்பார். சுவரில் தொங்கும் இயந்திரத்திடம் ஆர் கேள்வி கேட்பது? உத்தரவாதக் காலம் ஒரு வருசம், அதோடு சரி.

நாங்கள் இயந்திரம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில், கிணற்றில் நைத்திரேற்றுக் கூட என்றால், வேறு வழி இல்லாவிட்டால் வாங்கத்தான் வேண்டும். வாங்க முதல் மூன்று விசயம் செய்யுங்கள். தண்ணியை ஓர் ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள், கம்பி விடுகிறவரிடம் இல்லை. என்ன பிரச்சினை என்று தெரிந்த பிறகு, இந்த இயந்திரம் அதைத்தான் எடுக்குமா என்று கேளுங்கள். கழிவுத் தண்ணி எங்கே போகும், கார்ட்ரிட்ஜ் என்ன விலை, எப்ப மாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதோடு கூரையைப் பாருங்கள். ஐப்பசி மழையைப் பிடிக்க ஒரு பீலியும் தாங்கியும் போதும். முதல் மழையை ஓடவிட்டு, தாங்கியை மூடி வைத்தால், தீவகத்தில் உப்பும் நைத்திரேற்றும் சேராத தண்ணி அதுதான்.

அம்மம்மா இயந்திரம் வாங்கவில்லை. தாங்கி ஒன்று கட்டுவதாக மாமா கனடாவில இருந்து சொல்லியிருக்கிறார், இன்னும் கட்டவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அம்மம்மாவிடம் கேட்டோம், சின்ன வயதில் நல்ல தண்ணி எங்கே அள்ளினீங்கள் என்று. ஒரு கிணற்றைச் சொன்னா. அங்கே எல்லாரும் அள்ளுவினமோ என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாரும் இல்லை," என்றா. "அவையள் வெளியில நிண்டவை. நான்தான் அள்ளி ஊத்தினனான்."

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பார். நல்ல தண்ணிக் கிணறு எது என்று கேளுங்கள். வெளியில் நின்றது ஆர் என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டார்தான் வெளியில் நின்றவர்கள் என்றால், அதையும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா, தண்ணி இன்னும் நல்லதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்கள்.